டீச்சரிடம் கேளுங்கள்: செய்த தவறை ஆங்கிலத்தில் சொல்வது

இந்த மாதக் கடிதங்களில் ஐந்து ஒரே விஷயத்தைச் சுற்றி வந்திருக்கின்றன. ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியில் சொந்தத் தவறுகளைப் பற்றியும், நினைத்து வருந்துவதைப் பற்றியும் பேசச் சொல்கிறார்கள். என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்று கேட்கிறீர்கள். முப்பது ஆண்டு தொடக்கப்பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தபோதும், ஓய்வுக்குப் பிறகு பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கும்போதும் நான் அதிகம் யோசித்த விஷயம் இது. மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

*

டீச்சர், எனக்கு வயது 41. மன்னார்குடியிலிருந்து கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்து பதினேழு வருடம் ஆகிறது. வீட்டில் பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். நானும் பேச வேண்டும் என்று சமூக மன்றத்தில் வியாழன் இரவு வகுப்பில் சேர்ந்தேன். அடுத்த வாரம் ஒவ்வொருவரும் தாங்கள் செய்த ஒரு தவறைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டுமாம். எனக்கு நினைவுக்கு வருவதெல்லாம் அப்பா விஷயம்தான். அதைத் தமிழில் சொன்னாலே அழுதுவிடுவேன். அன்றைக்கு வகுப்புக்குப் போகாமல் இருந்துவிடவா?
— ஈசூன் வாசகி

போங்கள். ஆனால் அப்பா விஷயத்தை எடுக்காதீர்கள்.

மனம் கனத்திருக்கும்போது வினைச்சொல்லின் இறந்தகாலம் நினைவுக்கு வராது. நீங்கள் ஒரே நேரத்தில் அழுகையையும் அடக்க வேண்டும், இலக்கணத்தையும் தேட வேண்டும். அது யாராலும் முடியாது. மூன்று நிமிடம் முடிந்ததும் உங்களுக்கு நினைவிருக்கப்போவது ‘என்னால் பேச முடியவில்லை’ என்பது மட்டும்தான். அப்பாவின் கதை அப்படி முடிய வேண்டாம்.

அதற்காக, குடையைப் பேருந்தில் மறந்துவிட்டேன் என்பது மாதிரியும் வேண்டாம். ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். நடுத்தரமான ஒன்றைத் தேடுங்கள். கொஞ்சம் இழப்பு இருக்க வேண்டும்; பிறகு என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்; இன்று சொன்னால் குரல் உடையக் கூடாது.

நான் என் வகுப்பில் சொல்வது இது. 2011இல் திருச்சிக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். பெரியம்மாவின் பதினாறாம் நாள் காரியம். டிக்கெட்டில் 14ஆம் தேதி, 00:40 என்று போட்டிருந்தது. நான் 14ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுப் பெட்டியோடு சாங்கி விமான நிலையத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் தேதியை விரலால் தொட்டுக் காட்டினார். விமானம் முந்தைய இரவே போய்விட்டது. 13ஆம் தேதி இரவே நான் அங்கே இருந்திருக்க வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்தபோது காரியம் முடிந்து, பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இதை ஆங்கிலத்தில் சொல்லக் கடினமான சொல் ஒன்றும் தேவையில்லை. ‘ஐ மிஸ்ட் மை ஃப்ளைட். ஐ ரெட் த டேட் ராங்லி. ஐ ஷுட் ஹேவ் ஆஸ்க்ட் மை சன் டு செக் இட்.’ நடந்தது, என் தவறு, செய்யாமல் விட்டது. மூன்று வாக்கியம். பந்தலையும் பெரியம்மாவையும் சேர்த்தால் மூன்று நிமிடம் தாராளமாக வரும்.

இந்த ‘ஷுட் ஹேவ்’ இடத்தில்தான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். அதற்குக் காரணம் தமிழில் இருக்கிறது. ‘அவர் ஊருக்குப் போயிருக்கலாம்’ என்று சொல்லிப் பாருங்கள். வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துச் சொன்னால் அது ஊகம். அவர் போகாமல் இருந்து, அதனால் ஒன்று கெட்டுப்போன பிறகு சொன்னால் அது வருத்தம். ஒரே சொல். குரலையும் சந்தர்ப்பத்தையும் வைத்து நாம் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் நம்மை முதலிலேயே முடிவு செய்யச் சொல்லும். ஊகம் என்றால் ‘மைட் ஹேவ்’. வழி இருந்தது, செய்யவில்லை என்றால் ‘குட் ஹேவ்’. செய்ய வேண்டியது என் பொறுப்பு, செய்யவில்லை என்றால் ‘ஷுட் ஹேவ்’.

1969இல் தமிழ்த் தொடக்கப்பள்ளி முடித்து ஆங்கில உயர்நிலைப் பள்ளிக்குப் போனவள் நான். செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் அப்போது தமிழும் மலையாளமும் காதில் விழுந்த அளவுக்கு ஆங்கிலம் விழாது. அதனால் எல்லா ‘இருக்கலாம்’களுக்கும் ‘மைட் ஹேவ்’ போட்டுத்தான் எழுதினேன். ‘ஐ மைட் ஹேவ் ஸ்டடீட்’ என்று எழுதினால், படித்தேனோ இல்லையோ எனக்கே தெரியாது என்று பொருள் வந்துவிடும். ‘படித்திருக்கலாம், படிக்கவில்லையே’ என்று நான் நினைத்தது அதில் இல்லவே இல்லை. இது எனக்குப் பிடிபட ஓராண்டு ஆயிற்று. ஆகவே நீங்கள் பேசும் முன், உங்கள் ‘இருக்கலாம்’ எந்த ‘இருக்கலாம்’ என்று தமிழிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ‘செய்திருக்க வேண்டும்’ என்று மாற்றிச் சொல்லிப் பார்த்துப் பொருந்தினால் ‘ஷுட் ஹேவ்’ போடுங்கள்.

இன்னொன்று. மற்றவர்கள் பேசும்போது ‘ஷுட் ஹேவ்’ முழுதாகக் காதில் விழாது. ‘ஷுடவ்’ என்றுதான் விழும். நீங்கள் முழுதாகவே சொல்லலாம், தவறில்லை. கேட்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும்.

‘ரிக்ரெட்’ என்ற சொல்லைப் போட்டே ஆக வேண்டுமா என்று நினைப்பீர்கள். வேண்டாம். பேச்சில் அது கொஞ்சம் கனமான சொல். ‘ஐ விஷ் ஐ ஹேட் கால்ட் ஹர்’ என்றால் ‘அவளைக் கூப்பிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்’ என்ற ஏக்கம் அப்படியே வந்துவிடும். ‘விஷ்’ என்றால் நமக்கு வாழ்த்து அட்டைதான் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலத்தில் கைநழுவிப் போனதை நினைத்து ஏங்குவதற்கும் அதுதான் சொல். பின்னால் ‘ஹேட்’ போட்டு இறந்தகாலத்துக்கு இழுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பில் யாராவது அப்பாவைப் பற்றிக் கேட்டால்? இந்த வாக்கியத்தை முதலில் மனப்பாடம் செய்யுங்கள்: ‘ஐட் ராதர் நாட் டாக் அபவுட் தட்.’ அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை என்பது இதன் பொருள். முரட்டுத்தனமான வாக்கியம் இல்லை, மரியாதையானது. ஆங்கிலத்தில் பேசக் கற்பதில் மறுக்கக் கற்பதும் சேர்த்திதான். நம் பெண்கள் அந்த ஒரு வாக்கியம் தெரியாமல் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஈசூன் என்கிறீர்கள். லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கம் பக்கத்தில்தானே? செவ்வாய், புதன் இரண்டு நாளும் காலையில் அந்தக் கரையில் நடந்துகொண்டே கைப்பேசியில் உங்கள் கதையைப் பேசிப் பதிவு செய்யுங்கள். எழுதி வைத்துப் படிக்காதீர்கள். மூன்றாவது தடவை சொல்லும்போது தேவையில்லாத வாக்கியங்கள் தானாக உதிர்ந்துவிடும்.

*

வணக்கம் டீச்சர். துவாஸில் ஃபேப்ரிகேஷன் யார்டில் சூப்பர்வைசர். போன மாதம் ஒரு பைப் சப்போர்ட்டைத் தவறான அளவில் வெட்டச் சொல்லிவிட்டேன். மேலாளர் சீனர். ‘மிஸ்டேக் ஹேப்பண்ட் சார், வெரி சாரி சார்’ என்றேன். ‘ஹூ டிட் இட்?’ என்று இரண்டு தடவை கேட்டார். திரும்பவும் சாரி சொன்னேன். நான் யாரையோ காப்பாற்றப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான்தான் செய்தேன் என்று ஒத்துக்கொள்ளத்தான் போனேன். எங்கே தப்பு?
— துவாஸ் வாசகர்

தம்பி, நீங்கள் தமிழ் மரியாதையோடு போயிருக்கிறீர்கள். அங்கேதான் சிக்கல்.

‘தப்பு நடந்துபோச்சு சார்’ என்று ஒரு தமிழ் மேலாளரிடம் சொன்னால், தலையைக் குனிந்து நிற்பவர்தான் அதைச் செய்தவர் என்று அவருக்குப் புரியும். ‘நான் செய்தேன்’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வதைவிட அதுவே பணிவு. இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ‘மிஸ்டேக் ஹேப்பண்ட்’ என்றால், செய்தவரை மறைப்பதாகப் படும். உங்கள் பணிவு அவர் காதில் நழுவலாக விழுந்துவிட்டது. ஆங்கிலத்தில் ‘ஐ’ போட்டால்தான் ஒத்துக்கொண்டதாகக் கணக்கு.

‘ஐ மேட் எ மிஸ்டேக்’ என்று தொடங்குங்கள். ‘டிட் மிஸ்டேக்’ என்று வேண்டாம். தமிழில் வேலையையும் செய்கிறோம், தவறையும் செய்கிறோம், தோசையையும் செய்கிறோம். ஆங்கிலத்தில் தவறோடு ‘மேக்’தான் சேரும். ‘பை மிஸ்டேக்’ என்பது வேறு, தெரியாமல் நடந்தது என்று பொருள். தெரியாமல் நடந்திருந்தால் அதையும் சொல்லலாம், ஆனால் ‘ஐ’ போட்ட பிறகு.

உடனே எந்த இடத்தில் தவறு என்று சொல்லுங்கள்: ‘ஐ மெஷர்ட் ஃப்ரம் த ராங் சைட்.’ பிறகு என்ன செய்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்: ‘ஐ ஸ்டாப்ட் த கட்டிங். டூ பீசஸ் ஆர் ஸ்பாய்ல்ட்.’ ஒரே ஒரு சாரி, அதுவும் கடைசியில். ஐந்து தடவை சாரி சொன்னால் ஐந்து மடங்கு வருத்தம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. கேட்பவருக்கு, இன்னும் விஷயம் வரவில்லையே என்றுதான் தோன்றும்.

இதைப் பழக உங்களுக்குத் தினமும் இடம் இருக்கிறது, வேலை தொடங்கும் முன் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங். ஆபத்து வரப் பார்த்து வராமல் போனதை ‘நியர் மிஸ்’ என்று அங்கே சொல்லச் சொல்வார்கள். பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை. சின்னதாக ஒன்றை நீங்கள் சொல்லுங்கள்: ‘யெஸ்டர்டே ஐ லெஃப்ட் எ ஸ்பேனர் ஆன் த ஸ்கஃபோல்ட். ஐ ஷுடன்ட் ஹேவ் லெஃப்ட் இட் தேர்.’ உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்கள் அதைக் கேட்டால், நாளைக்கு அவர்களும் மறைக்காமல் உங்களிடம் வருவார்கள். யார்டில் ஒருவர் மறைத்த தவறு இன்னொருவர் தலையில் விழலாம். வெறும் ஆங்கிலப் பயிற்சி என்று நினைத்து இதை நான் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் வேண்டாம். ‘ஐ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ’ என்று சிலர் மின்னஞ்சலில் எழுதுகிறார்கள். வேலை கிடைக்காதவர்களுக்கு அலுவலகங்கள் அனுப்பும் கடித நடை அது. தாமதமாக வருவேன் என்று மேலாளருக்குச் சொல்ல ‘சாரி, ஐ வில் பி லேட்’ போதும்.

*

எனக்கு 63 வயது. ‘லாஸ்ட் டைம் ஐ வெரி ஹாட் டெம்பர்’ என்று வகுப்பில் சொன்னேன். பயிற்சி கொடுப்பவர் வெளிநாட்டுக்காரர். ‘விச் டைம்?’ என்கிறார். நாற்பது வருடமாக எல்லோரும் இப்படித்தானே பேசுகிறோம்?
— தோ பாயோ வாசகர்

ஆமாம் ஐயா, இங்கே ‘லாஸ்ட் டைம்’ என்றால் ‘அந்தக் காலத்தில்’, ‘முன்பெல்லாம்’. காப்பிக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டு நானும் அப்படித்தான் பேசுவேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளியூர்க்காரருக்கு அது ‘போன தடவை’. நீங்கள் ஒரு தடவை கோபப்பட்டதாகத்தான் அவர் நினைத்திருப்பார்.

‘ஐ யூஸ்ட் டு லூஸ் மை டெம்பர்’ என்று சொல்லுங்கள். முன்பு வழக்கமாக இருந்தது, இப்போது இல்லை என்று இரண்டும் அதிலேயே வந்துவிடும். மாறிவிட்ட மனிதர் தன்னைப் பற்றிச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வாக்கியம் ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

2000இல் நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கம் தொடங்கியபோது, சிங்லிஷ் என்கிற நம் ஊர்ப் பேச்சு ஆங்கிலம் முழுக்கத் தவறு என்பதுபோல் சில பெற்றோர்கள் பிள்ளைகளை அதட்டினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் பழைய தவறு ஒன்றைச் சொல்லும்போது எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்பது தெளிவாக இருக்க வேண்டும். ‘ஐ டெல் ஹிம் ஆல்ரெடி, ஹி கோ’ என்றால், சொன்ன பிறகு போனாரா, போன பிறகு சொன்னீர்களா? வருத்தத்தின் மொத்த விஷயமே அந்த முன்பின்னில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் காலத்தைக் கவனித்துப் போடுங்கள்.

*

மகன் தொடக்கநிலை ஆறு. ஆங்கில வாய்மொழித் தேர்வு உரையாடலில் ‘நீ செய்த தவறு ஒன்றைச் சொல்’ மாதிரி வந்தால், கதை கட்டிச் சொல்லச் சொல்லி டியூஷனில் பழக்குகிறார்கள். பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பது சரியா?
— பொங்கோல் வாசகி

தேர்வாளர் உங்கள் வீட்டுக்கு வந்து விசாரிக்கப் போவதில்லை. என் கவலை வேறு. கட்டிய கதையெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பந்து விளையாடி அம்மாவின் பூச்சாடியை உடைத்த பிள்ளைகள் எத்தனை பேரைக் கேட்டிருக்கிறேன்! அதில் எத்தனை வீட்டில் பூச்சாடி இருந்திருக்கும் என்று தெரியாது. ‘பிறகு என்ன ஆயிற்று’ என்று ஒரு கேள்வி கேட்டால் பிள்ளை திணறும், ஏனென்றால் பிறகு ஒன்றும் ஆகவில்லை.

உண்மையில் நடந்த சின்ன விஷயம் போதும். ஒரு பையன், தாத்தா பள்ளி வாசலில் காத்திருந்ததை மறந்து நண்பனோடு வேறு வாசல் வழியாகப் போய்விட்டதைச் சொன்னான். தாத்தா கையில் அவனுக்கு வாங்கிய கறிபாப் பொட்டலம் இருந்ததாம், ஆறிப்போய். இலக்கணம் இரண்டு இடத்தில் பிசகியது. ஆனால் நான் எதைக் கேட்டாலும் அவனிடம் பதில் இருந்தது. இன்று இரவு சாப்பிடும்போது மகனிடம், இந்த வருடம் அவன் செய்த இப்படி ஒன்றைக் கேளுங்கள். முதலில் உங்களுடையதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

*

எனக்கு 24 வயது, இங்கேயே பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு ஊழியர்களுடன் ஆங்கிலம் பேசிப் பழகும் தொண்டூழியம் செய்கிறேன். போன வாரம் ஒரு அண்ணன், தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போகாமல் இருந்ததைச் சொன்னார். வாக்கியத்துக்கு வாக்கியம் பிழை. திருத்துவதா, விடுவதா? நான் ‘ஐம் சாரி’ என்றேன். ‘நீங்க ஏன்மா சாரி சொல்றீங்க?’ என்று தமிழில் கேட்டார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.
— தெம்பனிஸ் வாசகி

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசை மேல் வைத்திருந்தேன் அம்மா.

2009இல் என் மாலை வகுப்புக்கு அறந்தாங்கிப் பக்கத்துக்காரர் ஒருவர் வருவார். கப்பல் பட்டறையில் வெல்டர். வேலை முடிந்து நேராக வருவதால் சட்டைக் கையில் கரி இருக்கும். இதே தலைப்பு வந்த அன்று அவர் எழுந்து, ‘மை ஃபாதர் டை. ஐ நாட் கோ’ என்றார். நான் உடனே, ‘டைட். ஐ டிடின்ட் கோ’ என்றேன். முப்பது வருடப் பழக்கம், யோசிக்கவே இல்லை. அவர் ‘டிடின்ட் கோ’ என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மேற்கொண்டு என்ன சொல்ல வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அவருக்கு ஓவர்டைம் இருந்திருக்கலாம். நானும் ஒரு தடவை ஃபோன் செய்து கேட்டிருக்கலாம்.

அதன் பிறகு என் வகுப்பில் நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். ஒருவர் சொந்த வருத்தத்தைச் சொல்லும்போது வாய் திறந்து திருத்துவதில்லை. அவர் ‘ஐ நாட் கோ’ என்றால், நான் விஷயத்தைத்தான் கேட்பேன்: ‘யூ டிடின்ட் கோ? டிடின்ட் தே கிவ் யூ லீவ்?’ சரியான வடிவம் என் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பலர் அடுத்த வாக்கியத்தில் தாமாகவே ‘டிடின்ட்’ போட்டுவிடுவார்கள். போடாவிட்டாலும் பரவாயில்லை. மடியில் ஒரு சின்னத் தாள் வைத்திருப்பேன். அதில் இரண்டு பிழை மட்டும் குறிப்பேன், இருபது இருந்தாலும் இரண்டுதான். எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது தாளைக் கையில் கொடுப்பேன். அந்த இரண்டையும் அடுத்த வாரம் வேறு பேச்சில் பழகுவோம், சாப்பாடு, சம்பளம், கிரிக்கெட் என்று. தங்கை கல்யாணத்தை வைத்து இலக்கணப் பயிற்சி வேண்டாம்.

‘யூ ஷுட் ஹேவ் கான்’ என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். ‘ஐ’ யோடு சேரும்போது வருத்தமாக இருக்கும் அதே சொல், ‘யூ’ வோடு சேர்ந்தால் ‘நீ போயிருக்கணும்’ என்று குற்றம் சாட்டுவதாகிவிடும். அவருக்கு லீவு கிடைத்ததா, ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் எவ்வளவு பாக்கி இருந்தது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

‘ஐம் சாரி’ விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. நமக்கு ‘சாரி’ என்றால் மன்னிப்பு மட்டும்தான், காலை மிதித்தால் சொல்வது. ஆங்கிலத்தில் அது ‘எனக்கும் வருத்தமாக இருக்கிறது’ என்பதற்கும் உரிய சொல். அடுத்த முறை ‘ஐம் சாரி டு ஹியர் தட்’ என்று முழுதாகச் சொல்லுங்கள், குழப்பம் வராது. அந்த அண்ணனுக்கும் இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுங்கள். இங்கே யாராவது ஒருநாள் அவரிடம் அப்படிச் சொல்லும்போது, ஏன் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று அவர் திகைக்க வேண்டாம்.

இந்த ஞாயிறு அவரைப் பார்த்தால், தங்கையின் கல்யாணப் படம் இருக்கிறதா என்று கேளுங்கள். கைப்பேசியில் நிச்சயம் வைத்திருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து ‘ஹூ இஸ் திஸ்?’ என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வாருங்கள். மாப்பிள்ளை, அத்தை, பந்தியில் பரிமாறும் சித்தப்பா என்று அவர் சொல்லிக்கொண்டே போவார், உங்களுக்குத் தாள் எடுக்கவே நேரம் இருக்காது.